ஏழு கடலும் கீரிமலையில்

"ஏழு கடலிலையும் ஒருக்கா முழுகவேணும் மோனை." அப்பா போன பிறகு அம்மா அடிக்கடி சொல்லிவந்த ஆசை இது. கோயிலில் திருவிளையாடற் புராணப் படிப்பு நடந்த காலத்தில் அவவின் மனதில் விழுந்தது. ஒருவர் பாட்டை இழுத்துப் படிக்க மற்றவர் பயன் (பொருள்) சொல்ல, விளக்கடியில் இருந்து கேட்டவ. எழுகடல் அழைத்த படலத்தில், மலயத்துவச பாண்டியனை இழந்த அரசி காஞ்சனமாலை கடலாட ஆசைப்படுகிறா. மகள் தடாதகை, அதுதான் மீனாட்சி, கணவரிடம் சொல்ல, மதுரைச் சொக்கன் ஏழு கடலையும் ஒரு வாவிக்குள் வரவழைத்துவிடுகிறான். மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே எழுகடல் தெரு என்ற பெயர் இன்றைக்கும் இருக்கிறது.

எங்கட சனம் இந்த ஏழு கடலைச் சொல்லாத நாள் இல்லை. கதை சொல்லத் தொடங்கினால் ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டித்தான் போகவேண்டும். கனடாவில் இருக்கும் தங்கச்சியை அம்மா "ஏழு கடலுக்கு அங்கால இருக்கிற பிள்ளை" என்றுதான் சொல்லுவா. அணுவைத் துளைத்து ஏழ்கடலைப் புகட்டியது குறள் என்கிறது திருவள்ளுவமாலை. பெரிது, முழுசு, எட்டாத தூரம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் காணும். ஆனால் புராணக்காரருக்கு அது வெறும் சொல்லலங்காரம் இல்லை. ஏழு தீவு, அவற்றைச் சுற்றி ஏழு கடல். நாவலந்தீவைச் சூழ்ந்தது உப்புக்கடல். பிறகு கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால் என்று போய், கடைசியில் நன்னீர்க்கடல். கள்ளுக்குப் பதில் தேன் என்று சொல்வாரும் உண்டு. அம்மா கேட்ட பயனில் தேன்தான்.

1990 இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவின் சாவுக்குப் பின் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைக்கூட அங்குள்ள கீரிமலைக் கடற்கரையில் செய்யக் கிடைக்கவில்லை, அந்தப் பக்கம் போகவே வழியில்லாத காலம். பாதை திறந்த பிறகு அம்மாவின் முழங்கால் விடவில்லை. இந்த ஆடி அமாவாசைக்கு எப்படியும் கூட்டிக்கொண்டு போவதென்று நேர்ந்துகொண்டேன்.

விடிய முதல் வெளிக்கிட்டும் பயனில்லை. மாவிட்டபுரம் கந்தனுக்கும் அன்றைக்கே கீரிமலையில் தீர்த்தம், சொல்லவேண்டுமா? ஓட்டோக்காரர் வழமையின் இரண்டு மடங்கு கேட்டார். இறங்கியதும் தர்ப்பையோடு நாலு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவர் பேசின காசுக்கு மேலே, சங்கற்பத்தின் நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு இன்னும் கேட்டார். பிதிர்க்கடன் செய்ய வந்தவன் அந்த இடத்தில் பேரம் பேசுவானா? கொடுத்தேன், ஆனால் மனம் நொந்தது. கரை முழுக்கப் பொலித்தீன் பையும் கழற்றி எறிந்த ஈரத்துணியும். புண்ணியத் தீர்த்தம் என்று வருகிறவர்களே இதைச் செய்கிறோம்.

எள்ளும் தண்ணீரும் இறைத்து முடிய அம்மாவைக் கடலில் இறக்கினேன். கரையெல்லாம் பாசி பிடித்த கல். அலை வந்து முழங்காலில் அடிக்க அம்மா என் கையை நகம் பதிய இறுக்கினா.

"பெண்கள் கடலாடேக்க புருசன்ர கையைப் பிடிக்கவேணும், இல்லாட்டிப் பிள்ளையின்ர கை, அதுவும் இல்லாட்டிக் கண்டுக்குட்டியின்ர வால்" என்றா, மூச்சு வாங்கியபடியே. "காஞ்சனமாலைக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. அதுதான் சிவபெருமான் மலயத்துவசனையே மேலுலகத்திலயிருந்து கூப்பிட்டுக் குடுத்தவர். எனக்கு நீ இருக்கிறாய்."

மூன்று தரம் முழுகினா. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அடுத்தது கேணி. கடலுக்குப் பக்கத்திலேயே, மழைத்தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் இறங்கி ஊறிவருகிற நல்ல தண்ணீர். உப்பும் நன்னீரும் இப்படி அருகருகே கிடக்கிற இடத்தை ஈசன் தெரிந்துதான் எடுத்திருக்கிறான். பெண்கள் கேணிக்குள் நான் போகமுடியாது. வாசலில் தவித்து நிற்க, முன்பின் தெரியாத ஒரு பிள்ளை வந்து, "அம்மம்மா, என்ர கையைப் பிடியுங்கோ" என்று கூட்டிக்கொண்டு போனா. திரும்பி வரும்போது அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "ரெண்டு கடல் முடிஞ்சுது" என்றா.

மிச்சம் ஐந்துக்கு எங்கே போவது என்று நான் கேட்கவில்லை. கீரிமலைச் சிவன் கோயிலான நகுலேஸ்வரத்தில் சனத்துக்குள் நெரிபட்டு, ஒரு தூணோடு அம்மாவைச் சாய்த்து நிறுத்தினேன். அபிஷேகம் தொடங்கியது. பால் இறங்கியது. அம்மா பெருவிரலால் சுண்டுவிரலைத் தொட்டா. தயிர், அடுத்த விரல். நெய். தேன். அம்மாவின் வாய் திருவைந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டிருக்க விரல் மட்டும் எண்ணிக்கொண்டே போனது. கருப்பஞ்சாறு லிங்கத்தின் மேல் விழுந்து வழிந்தபோதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் கொடுத்த பொருட்களில் கரும்பு இல்லை. யாரோ ஒரு அடியார் கொடுத்திருக்கிறார்.

"ஏழும்" என்றா அம்மா.

நகுலேஸ்வரா, வாவிக்குள் வரவழைத்தவன் உனக்கு இது பெரிய வேலையா? கீரிமுகம் கொண்ட முனிவருக்கு மனித முகம் கொடுத்தாய், சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் குதிரை முகம் நீக்கினாய். முழங்கால் வலியோடு வந்த எங்கட அம்மாவையும் பார்த்தாயே! நகுலாம்பிகைத் தாயே, கண்ணீரில் தீபாராதனையைச் சரியாகக் காணவில்லை, ஆனாலும் குறையில்லை.

வரும் வழியில் மாவிட்டபுரத்தில் கந்தனைக் கும்பிட்டு, சந்தையில் ஆடி அமாவாசைப் படையலுக்குச் சமைக்கிற காத்தோட்டங்காய் வாங்கி வீடு சேர மத்தியானம் திரும்பிவிட்டது. அப்பாவுக்குப் படைத்து, காகத்துக்கு வைத்து, அம்மா விரதம் முடித்தா. கேணிக்குள் கைகொடுத்த அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்க மறந்துவிட்டாவாம். வெள்ளிக்கிழமை பெயரில்லாமலே அவவுக்கு ஒரு அர்ச்சனை செய்யச் சொல்லியிருக்கிறா. அந்தப் பிள்ளையும், கரும்பு கொடுத்த அந்த அடியாரும் குடும்பத்தோடு நல்லாயிருக்கவேணும்.