வாங்குனது ஆரு கண்ணு?

பங்குத் தரகர் ஆபீசில் வாடிக்கையாளர்களுக்கு ஆர்டர் போடுவது என் வேலை. அந்தப் போன் பதிவு மொத்தம் 41 நொடி. அதில் வாடிக்கையாளரான பெரியவர் தன் பங்குகளைப் பற்றிச் சொல்வது இவ்வளவுதான்: "இருக்கற ரெண்டாயிரத்தையும் மார்க்கெட் ரேட்டுக்குக் குடுத்துரு கண்ணு." நான், "மார்க்கெட்லயே போட்டுறலாங்களாய்யா?" என்கிறேன். "ம், போட்டுரு." வாடிக்கையாளர் சொன்னதற்கு ஆதாரம் இருக்க வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி 2018-லிருந்து கட்டாயமாக்கிவிட்டது, அதனால் எங்கள் பேச்செல்லாம் பதிவாகும். பதிவின்படி என்மேல் தப்பில்லை. முதலாளி ஒருமுறை கேட்டுவிட்டு, "தெளிவா இருக்குதே, அப்புறம் என்ன?" என்று எழுந்து போய்விட்டார்.

அப்புறம் என்ன என்பதுதான் எனக்கும் பிடிபடவில்லை.

அது ஒரு சின்ன ஸ்பின்னிங் மில்லின் பங்கு. நாளுக்கு ஆயிரம் கைமாறினாலே அதிகம். கடைசியாக நடந்த விலை 84. ஆனால் வாங்க நின்றவர்களின் வரிசை வேறு கதை: 83.50-க்கு 200 பங்கு, 82-க்கு 150, 79-க்கு 400, 76-க்கு 500, அதற்கும் கீழே 73-க்கு 750. F2 தட்டினால் விற்கிற கட்டம் சிவப்பாக விரியும். அதில் விலை போடாமல் 'மார்க்கெட்' என்று அனுப்பினால், கூடுதல் விலைக்குக் கேட்டவனிடம் முதலில் போகும், அவனுக்கு வேண்டியது தீர்ந்ததும் அடுத்த படி, அப்புறம் அதற்கடுத்தது. ஒரே விலைக்கு இரண்டு பேர் நின்றால் முன்னால் வந்தவனுக்கு முதலில். சரக்கு தீரும் வரை இறங்கிக்கொண்டே இருக்கும், நிறுத்தி ஒரு வார்த்தை கேட்காது. எண்டர் தட்டிய விரலை எடுப்பதற்குள் ஐந்து படியும் இறங்கி முடிந்துவிட்டது. சராசரி 76 ரூபாய் 67.5 காசு. 84 என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவருக்கு 14,650 ரூபாய் துண்டு விழுந்தது.

மறுநாள் மஞ்சப்பையோடு வந்தார். சத்தம் போடுவார் என்றுதான் நினைத்தேன். போடவில்லை. நடந்த வியாபாரத்துக்கு நாங்கள் கொடுக்கிற சீட்டான காண்ட்ராக்ட் நோட்டில் இருந்த ஐந்து வரியையும் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வாங்குனது ஆரு கண்ணு?"

"தெரியாதுங்கய்யா."

"அஞ்சு பேரா?"

"அஞ்சு பேரோ, ஒரே ஆளோ, அது நமக்குத் தெரியாதுங்க."

"அப்ப நான் ஆருகிட்டத்தான் வித்தேன்?"

கிளியரிங் கார்ப்பரேஷனிடம் என்றேன். அதுதான் உண்மை. விற்பவனுக்கு வாங்குபவனாகவும், வாங்குபவனுக்கு விற்பவனாகவும் நடுவில் அதுவே நின்றுகொள்ளும், அதனால்தான் முகம் தெரியாத ஆளை நம்பி யாரும் வியாபாரம் பண்ண முடிகிறது. இதை நான் விளக்க விளக்க அவர் தலையை மட்டும் ஆட்டினார். "ஆளுன்னு ஒருத்தன் இருந்தா நேர்ல போய்ப் பேசிப் பாக்கலாம்னு கேட்டேன்" என்றார்.

அவர் மஞ்சள் விவசாயி. ஈரோட்டு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் வியாபாரிகள் சாம்பிளை எடுத்து, விரலியை ஒடித்து நிறம் பார்த்து, விலை எழுதிப் போடுவார்கள். கட்டுபடியானால் கொடுக்கலாம். இல்லையா, மூட்டை அப்படியே குடோனில் கிடக்கும். அந்த ஆளுக்கு மார்க்கெட் ரேட் என்றால் ஊரில் இன்றைக்கு நடக்கிற விலை. வேண்டாம் என்று சொல்கிற உரிமையும் அதற்குள்ளேயே அடக்கம். என் கம்ப்யூட்டரில் அதே சொல்லுக்கு, என்ன விலையானாலும் சரி என்று அர்த்தம். எனக்கு இது தெரியாதா? என் அப்பாவும் அதே கூடத்தில் மூட்டையைத் திருப்பி அடுக்கியவர்தான்.

அதற்காகப் பழைய முறையை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. இந்தப் பங்கையே, பங்கெல்லாம் காகிதச் சான்றிதழாக இருந்த காலத்தில், பெரியவர் கோயம்புத்தூர்த் தரகர் ஒருவர் வழியாக வாங்கினார். 1991-ல் அங்கீகாரம் பெற்ற தனிப் பங்குச் சந்தையே கோவையில் இருந்தது. யார் யாரிடம் வாங்கினார்கள் என்பது அன்றைய தரகருக்குத் தெரியும். 80-க்கு விற்றுவிட்டு 78 என்று சொன்னாலும் கேட்க நாதியிருக்காது. 1994 நவம்பர் 3-ம் தேதி தேசியப் பங்குச் சந்தை திரையிலேயே பங்கு வியாபாரத்தை ஆரம்பித்தது. மொட்டைமாடியில் செயற்கைக்கோள் வழியாகச் சந்தையோடு இணைக்கிற ஒரு விசாட் தட்டு இருந்தால் ஈரோட்டுக்காரனுக்கும் பம்பாய்க்காரனுக்கும் ஒரே விலை. ஓராண்டிலேயே வியாபாரத்தில் பம்பாய்ச் சந்தையைத் தாண்டிவிட்டது. கோவைச் சந்தை 2013-ல் கதையை முடித்துக்கொண்டது. எங்கள் கட்டடத்துத் தட்டும் துருப்பிடித்து மேலேயே கிடக்கிறது, ஹவுஸ் ஓனர் வீட்டில் அதில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறார்கள்.

எந்திரம் பொய் சொல்லவில்லை. காட்டியது ஐந்து வரி, நடந்ததும் அதே ஐந்து வரி. பார்த்துச் சொல்ல வேண்டியது நான். அன்றைக்குப் பார்த்தேனா என்பதுதான் இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை. சில நாள் பார்த்த மாதிரியே இருக்கும். பதிவை ஹெட்போனில் கேட்டால், அவர் "ம்" சொல்வதற்கு முன்னாலேயே கீபோர்டுச் சத்தம் ஒன்று கேட்கிறது. F2-ஆகத்தான் இருக்கும், சும்மா கட்டத்தைத் திறந்திருப்பேன். எண்டராக இருக்க முடியாது. ஆர்டர் போன நேரத்தையும் பதிவையும் ஒத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்றுவரை பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று வாரத்தில் அந்தப் பங்கு 70-க்கு வந்துவிட்டது. 83.50 என்று விலை கட்டிப் போட்டிருந்தால் 200 பங்கு போயிருக்கும், மீதி தொங்கியிருக்கும். அப்படிப் பார்த்தால் அவருக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன். இதை ஒருநாள் அவரிடம் சொல்லவும் சொன்னேன். "இருக்கட்டும் கண்ணு" என்றார். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

போன மாதம் வேறொரு பங்கை விற்கக் கூப்பிட்டார். இந்த முறை நான் வாங்க நிற்பவர்களை விலையும் எண்ணிக்கையுமாக ஐந்து வரியும் வாசித்தேன். பக்கத்தில் இன்னொரு போன் அடித்துக்கொண்டிருந்தது, எடுக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மொத ஆளுக்கு மட்டும் குடு. மிச்சம் குடோன்லயே கெடக்கட்டும்."