ரெண்டு மில்லிதானே, தம்பி

என்ஜினை மாட்ட ஃபிரேமில் வெல்டு அடித்த ஓட்டை போட்ட இரும்புத் துண்டுகளைக் காது என்போம். முதல் காதுக்குள் போல்ட் போனது. பிளேட்டுக்குள்ளும் போனது. எதிர்ப்பக்கக் காதில் முட்டி நின்றுவிட்டது. கோலாலம்பூர் செகாம்புட்டில் அந்த வெல்டிங் பட்டறையில், பத்து மில்லி போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அசடு வழிய நின்றேன். பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். "ரெண்டு மில்லிதானே தம்பி, ரவுண்டு அரம் போட்டு இழுத்தா சரியாப் போயிடும்" என்றார்.

அந்த ரெண்டு மில்லியைச் சரிபண்ண எனக்கு மூன்று வாரம் ஆனது.

வண்டி யமஹா எஸ்ஆர்400 மோட்டார் சைக்கிள் என்ஜின் வைத்துக் கட்டுவது. ஃபிரேம் புதிதாக வளைத்தது. ஒரிஜினல் எஸ்ஆரில் ஃபிரேம் குழாயே ஆயில் டாங்கி என்பதால் தனியாக ஒரு டாங்கி செய்ய வேண்டியிருந்தது, அது தொல்லை இல்லாமல் முடிந்தது. இது கண்காட்சியில் நிறுத்துகிற வண்டி. ரோட்டில் ஓட்ட நினைப்பவர்கள் முதலில் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பக்கம் போய்விட்டு வாருங்கள். கிராண்டில் (வண்டிப் பதிவுப் பத்திரத்தில்) உள்ள சேசிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்றால் என்ஜினைத் தாங்கும் மவுண்ட் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

என்ஜினைப் ஃபிரேமின் நட்டநடுவில் வைக்கணும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். முதலில் பின்சக்கரத்தை நடுவில் நிறுத்துங்கள். பின் ஸ்பிராக்கெட்டில் (சங்கிலி ஓடும் பல்சக்கரத்தில்) ஒரு நேர்க்கம்பியைச் சாய்த்து, முன் ஸ்பிராக்கெட் அந்தக் கோட்டில் வருகிற இடத்தில் என்ஜினை உட்கார வையுங்கள். என்னுடையது இடப்பக்கம் ஆறு மில்லி தள்ளி வந்தது. டயர் அகலம், சங்கிலி உரசக் கூடாது, வேறு வழியில்லை.

மைலோ பெட்டி அட்டையில், என்ஜினைப் பிடிக்கும் ஆறு பிளேட்டுக்கும் மாதிரி வெட்டினேன். முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி, என்ஜின் ஹெட்டுக்கு மேலே ஒரு ஜோடி. அக்கா மகன் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தான். லேசர் வெட்டுகிற இடத்தில் கவுண்டரில் இருந்தவர் ஃபைலைத் திறந்தார், "ஃபைல் ரோசாக், பாஸ்" (கெட்டுப்போச்சு) என்றார், போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எப்படி ரோசாக், எங்கே ரோசாக் என்று கேட்டால் பதில் இல்லை. திரும்பி செந்தூலுக்கு வந்து, வேறு மாதிரி சேவ் பண்ணி, மறுநாள் போனால் அதே பதில். மூன்றாவது தடவை கெஞ்சிக் கேட்ட பிறகுதான் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். நடுவில் எறும்பு மாதிரி ஒரு புள்ளி. அதுதான் என் பிளேட். பையன் இன்ச்சில் வரைந்திருக்கிறான், அவர்கள் மெஷின் எல்லாவற்றையும் மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. ஆறு இன்ச் பிளேட் ஆறு மில்லியாகிவிட்டது. முதல் நாளே திருப்பிக் காட்டியிருக்கலாம் அந்தப் புண்ணியவான். இப்போது ஒவ்வொரு வரைபடத்தின் ஓரத்திலும் 'இந்தப் பக்கம் 150 மிமீ' என்று எழுதிவிடுகிறேன்.

தகடு எட்டு மில்லி இரும்பு. ஓட்டையை 9.5 என்று போடச் சொல்லி, வீட்டில் 10.2 டிரில் விட்டுப் பெரிதாக்கினேன். லேசரில் தடித் தகட்டின் ஓட்டை மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக வரும், அதை நம்பி போல்ட் மாட்டாதீர்கள்.

இனி அந்த வெல்டிங் நாள். நல்ல என்ஜினை வைத்து வெல்டு அடிப்பது முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியும். சூடு ஒரு பக்கம், எர்த் கிளிப்பை அசந்து என்ஜினில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்வது இன்னொரு பக்கம். அதனால் பழைய இரும்புக் கடையில் பிடித்த வெற்று என்ஜின் கேஸைத்தான், உள்ளே ஒன்றுமில்லாத கூட்டைத்தான், கொண்டுபோனேன். காதுகளைப் புள்ளி வெல்டில் பிடித்ததும், கேஸ் உள்ளேயே இருக்கட்டும் அண்ணே, அப்படியே முழுசா அடிங்க என்று சொல்லிவிட்டுப் பசியாறப் போனேன். ரெண்டு ரொட்டி, ஒரு தே தாரிக். திரும்பி வந்தால் வேலை முடிந்திருந்தது. கேஸ் தரையில் கிடந்தது. "டார்ச் போக இடமில்ல தம்பி, கழட்டிட்டேன்."

வெல்டு என்னவோ பார்க்க அத்தனை அழகு. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். இரும்பு ஆறும்போது சுருங்கும், வெல்டு அடித்த பக்கமாகக் காதை இழுத்துக்கொள்ளும். பிடித்து நிறுத்த உள்ளே ஒன்றும் இல்லை, நாலு காதும் சாய்ந்துவிட்டன.

அவர் சொன்னபடி அரம் போடக் கூடாதா என்று கேட்பீர்கள். ஓட்டை முட்டை வடிவமாகிவிடும். எஸ்ஆர் ஒற்றை சிலிண்டர், அதிர்வைக் குறைக்கிற பேலன்சர் கிடையாது, அது கொடுக்கிற அதிர்வில் என்ஜின் அந்த முட்டைக்குள் நகர ஆரம்பித்தால் எந்த நட்டும் தாங்காது. கடப்பாரை போட்டு நெம்பி மாட்டினாலோ, அந்த இழுவை முழுவதையும் அலுமினிய கேஸில் போல்ட் மாட்டுகிற இடம் சுமக்கும். அது விரிசல் விட்டால் என்ஜினையே மாற்ற வேண்டியதுதான். வாக்குவாதம் முடிந்து கிரைண்டரில் நாலு காதையும் அறுத்தோம். கூலி மறுபடியும் நான்தான் கொடுத்தேன்.

இரண்டாவது தடவைக்கு, காதுகளுக்கு நடுவில் முட்டுக்கொடுக்கத் தடித்த புஷ் (ஓட்டையுள்ள இரும்பு உருளை) வேண்டும் என்று சான் சோவ் லின்னில் லேத்துக் கடைக்குப் போனேன். சனிக்கிழமை, மணி ஒன்றரை. ஷட்டர் இறக்கியாகிவிட்டது. சனிக்கிழமை ஒரு மணியோடு சரி என்று பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். திங்கள்கிழமை லீவு போட்டுத்தான் போனேன். லேத்து அங்கிள் என் அளவுத் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்து வைத்தார், கேஸையே மேசையில் வைத்து வெர்னியரால் அளந்தார். அன்று அவர் கடைந்த நாலு புஷ்ஷும் ஒரு தேய்ப்புக்கூட இல்லாமல் உட்கார்ந்தன.

இந்த முறை பசியாறிவிட்டுத்தான் போனேன், பட்டறையை விட்டு நகரவில்லை. கேஸ் உள்ளே, புஷ் உள்ளே, நட்டு இறுக்கமாக. ஒரு இன்ச் அடி, எதிர்மூலைக்குப் போ, கை வைக்கிற அளவுக்கு ஆறட்டும், அடுத்த இன்ச். அண்ணனுக்கு முகம் கடுகடு என்றிருந்தது. சாயங்காலம் எல்லாம் ஆறிய பிறகு கேஸைக் கழற்றித் திரும்ப வைத்து, போல்ட்டை ஒரு விரலால் தள்ளினேன். மறுபக்கம் வந்து நின்றது. அவர் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு போல்ட்டை எடுத்துத் தானே தள்ளிப் பார்த்தார்.

போல்ட் வாங்கும்போது கடைக்காரர் பளபளக்கிற ஸ்டெயின்லெஸ்ஸைத்தான் நீட்டுவார். போல்ட் தலையில் ஏ2-70 என்றிருந்தால், 8.8 என்று குறித்த இரும்பு போல்ட்டை விட பலம் குறைவு. 8.8 கேட்டு வாங்குங்கள், மரை இல்லாத தண்டுப் பகுதி தகடு முழுக்கப் போகிற நீளமா என்றும் பாருங்கள். நைலான் நட்டு போட்டு 45 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, பெயின்ட் பேனாவில் ஒரு கோடு இழுத்திருக்கிறேன், தளர்ந்தால் தெரியும்.

மேல் ஜோடியில் மட்டும் ஒரு மில்லி இடைவெளி இருக்கிறது, ஒரு மெல்லிய புஷ் கடைய வேண்டும். இந்தச் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே சான் சோவ் லின்னில் இருப்பேன்.