இலவச கிளினிக்கில் இரண்டாவது வருகை

அமெரிக்காவில் ஆவணமில்லாமல் வாழ்பவர்கள், 2010 சட்டம் உருவாக்கிய காப்பீட்டுச் சந்தையில் சொந்தக் காசைக் கொடுத்தாலும் பாலிசி வாங்க முடியாது. கிரீன் கார்டு கிடைத்தவர்களிலும் பலர், குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டுக்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். அது 1996 சட்டம். மாநிலத்தைப் பொறுத்துச் சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்த இடைவெளியில் விழுந்தவர்களுக்காகத்தான் சர்ச் ஹாலிலும் சமூக மையங்களிலும் வாரம் ஒரு மாலை தன்னார்வலர்கள் கிளினிக் நடத்துகிறார்கள்.

இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் டாக்டர்களைத் தேடுகிறார்கள். டாக்டர்கள் கிடைத்துவிடுவார்கள். இன்று வந்தவரை மூன்று மாதம் கழித்து மறுபடி வரவைப்பதுதான் கடினம். சர்க்கரையும் பிரஷரும் ஒரு மாலையில் முடிகிற விஷயமில்லை.

பதிவு மேஜையிலேயே ஆட்களை இழக்கிறோம். சோஷியல் செக்யூரிட்டி எண் (அரசு தரும் அடையாள எண்) கேட்கும் படிவத்தைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவார்கள். பெயர், பிறந்த தேதி, பேசும் மொழி, காப்பீடு உண்டா, தோராயமான வருமானம் போதும். விசா பற்றிக் கேட்கவே வேண்டாம்; கேட்காத தகவல் ஃபைலிலும் இருக்காது. போன் நம்பர் மட்டும் இரண்டு வாங்குங்கள். ப்ரீபெய்ட் நம்பர்கள் அடிக்கடி மாறும். எந்த நேரத்தில் எடுப்பார், வாய்ஸ்மெயிலை வேறு யாராவது கேட்பார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்காரவிடுங்கள். முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். சட்டைக் கையின் மேலேயே கட்டுவதும், பருத்த கைக்குச் சின்ன பட்டையைச் சுற்றுவதும் அளவைக் கூட்டிக் காட்டும். தேவையில்லாத மாத்திரை எழுதப்படும். இன்னொன்று: விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதற்கே மத்திய அரசின் ஆய்வக விதிப்படி விலக்குச் சான்றிதழ் வேண்டும். அது கைக்கு வரும் வரை அந்தப் பரிசோதனை கூடாது.

அதிகம் தவறுவது ரத்தப் பரிசோதனை முடிவில்தான். செவ்வாய் மாலை ரத்தம் எடுத்தால் வெள்ளிக்கிழமை முடிவு வரும். எழுதிய டாக்டரின் அடுத்த முறை ஒரு மாதம் கழித்து. ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தாலும் பார்க்க ஆளில்லை. அதனால் டாக்டர்கள் மாறினாலும் மாறாத ஒருவர் முடிவுகளுக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். அனுப்பிய ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு நோட்டில் ஏற வேண்டும். முடிவு வந்து, நோயாளியிடம் சொன்ன பிறகே அந்த வரியை அடிக்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் நல்ல மனசே சிக்கலாகிவிடுகிறது. கம்பெனி சாம்பிளாக வரும் புது மருந்தில் ஆரம்பித்தால் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். கடையில் விலையைக் கேட்டுவிட்டு அதோடு நிறுத்திவிடுவார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போன்ற, கம்பெனிப் பெயரில்லாத மலிவான ஜெனரிக் மருந்தில் தொடங்குங்கள். மெட்ஃபார்மின் என்றால், முதலில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டு, 500 மில்லிகிராமில் ஆரம்பித்து வாரம் ஒருமுறை கூட்டுங்கள். எடுத்ததும் 2000 கொடுத்தால் வயிற்றுப்போக்கில் மாத்திரை குப்பைக்குப் போகும். ‘இரவு சாப்பாட்டோடு’ என்று எழுதும் முன் அவர் எப்போது சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். ஓட்டல் சமையலறையில் வேலை செய்பவருக்கு அது நள்ளிரவுக்கு மேல்கூட இருக்கலாம். வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் நன்கொடையாக ஐந்து கம்பெனியிலிருந்தும் வரும், ஆனால் ஒன்றில் ரத்தம் வைக்கும் ஸ்ட்ரிப் இன்னொன்றில் நுழையாது. ஸ்ட்ரிப் மலிவாகக் கிடைக்கும் ஒரே மாடலை எல்லோருக்கும் கொடுங்கள்.

மொழிபெயர்ப்புக்குக் குழந்தைகளை உட்காரவைக்காதீர்கள். மாதவிடாய் பற்றியோ குடியைப் பற்றியோ பத்து வயதுப் பிள்ளை வழியாக எந்தத் தாயும் பேசமாட்டாள். மருந்துச் சீட்டிலும் ஆபத்து உண்டு: ‘ஒருமுறை’ என்பதற்கான ஆங்கிலச் சொல் once; அதே எழுத்துகளுக்கு ஸ்பானிஷில் பதினொன்று என்று அர்த்தம். எனவே எண்ணாகவே, ‘1 மாத்திரை, காலை 8 மணி’ என்று எழுதுங்கள். தமிழ் தெரிந்தாலே போதும் என்றும் இருந்துவிட முடியாது. இலங்கைத் தமிழர் ‘நாலு நாளாய் வருத்தம்’ என்றால் உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தம். தமிழ்நாட்டுத் தன்னார்வலர் அதை மனக்கவலை என்று மொழிபெயர்த்தால், காய்ச்சலுக்கு வந்தவரிடம் மனச்சோர்வு பற்றிய கேள்விகள் போகும். ‘புரிந்ததா?’ என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘வீட்டில் இதை எப்படிச் சாப்பிடுவீர்கள், காட்டுங்கள்’ என்று கேட்டால்தான் தெரியும்.

டாக்டர்கள் வழக்குக்குப் பயந்து தயங்கினால், இலவச கிளினிக் தன்னார்வலர்களுக்கு மத்திய அரசின் பாதுகாப்பு இருக்கிறது. கிளினிக் ஒவ்வொருவர் பெயரிலும் விண்ணப்பிக்க வேண்டும். நோயாளியிடம் கட்டணமோ காப்பீட்டுப் பணமோ வாங்கக் கூடாது. விரும்பித் தரும் நன்கொடை பரவாயில்லை.

கடைசியாக, ஆஸ்பத்திரி பில். 1986 சட்டப்படி அவசரப் பிரிவு யாரையும் பார்க்காமல் திருப்பியனுப்பக் கூடாது. ஆனால் பில் பின்னாலேயே வரும், அந்த பயத்தில் அடுத்த முறை நெஞ்சு வலித்தாலும் வீட்டிலேயே படுத்திருப்பார்கள். லாப நோக்கற்ற ஆஸ்பத்திரிகள் பில் கட்ட முடியாதவர்களுக்கு எழுத்து வடிவில் உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும். வீடு திரும்பிய பின் வரும் முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். வசூல் ஏஜென்சி கூப்பிட ஆரம்பித்த பிறகும் அந்தக் கெடு முடியாமல் இருக்கலாம். உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் சரி, அடுத்த முறை வரும்போது அப்படியே எடுத்துவரச் சொல்லுங்கள்.