விளிம்புத் துளைகளை வரைந்து பாருங்கள்: கேட் சுரங்கவியல் தேர்வு எழுதுவோருக்கு

எங்கள் ஊர் குடியாத்தம். வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போன குடும்பங்கள் ஏராளம். என் தாத்தாவும் அப்படிப் போனவர்தான். 2001இல் சுரங்கத்தை மூடும் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். வெடி வைத்த பிறகு இரும்புக் கம்பியால் கூரையைத் தட்டிப் பார்ப்பார்களாம். கணீரென்று ஒலித்தால் பாறை உறுதி. பொத்தென்று ஒலித்தால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

பொறியியல் முதுகலைப் படிப்புக்கான கேட் தேர்வை முதல் முறை எழுதியபோது இதை நான் பாடத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. மிஞ்சும் பாறை இப்படி விட்டுப்போகாமல் வெடிக்கும் முறைகளான ஸ்மூத் பிளாஸ்டிங், பிரீ-ஸ்பிளிட்டிங் இரண்டையும் வரையறைகளாக மனப்பாடம் செய்தேன். எதில் விளிம்புத் துளைகள் (ஓரத்தை ஒட்டி வெடிமருந்து வைக்கும் துளைகள்) முதலில் வெடிக்கும் என்பது தேர்வு அறையில் குழம்பிவிட்டது.

அடுத்த ஆண்டு வரையத் தொடங்கினேன். ஒரு தாளில் குதிரைலாட வடிவில் சுரங்க முகப்பு. நடுவில் கட் துளைகள். அவை முதலில் வெடித்துக் காலி இடம் உண்டாக்கும். சுற்றியுள்ள துளைகள் அந்த இடத்தை நோக்கிப் பாறையைத் தள்ளும். கூரையையும் பக்கச் சுவர்களையும் ஒட்டிய விளிம்புத் துளைகள் அதன் பிறகே, ஒரே சமயத்தில் வெடிக்க வேண்டும். ஸ்மூத் பிளாஸ்டிங் இதுதான். பிரீ-ஸ்பிளிட்டிங்கில் விளிம்பு முதலில் வெடித்து ஒரு பிளவை உண்டாக்கிவிடும். ஆழத்தில் பாறை அழுத்தம் அந்தப் பிளவைத் திறக்க விடாது. ஆகவே சுரங்கப்பாதைகளில் ஸ்மூத் பிளாஸ்டிங்கே பெரும்பாலும் கைகொடுக்கிறது. காரணம் புரிந்த பின் வரிசை மறக்கவே இல்லை.

விளிம்பில் வெடிமருந்தும் குறைவு. 45 மி.மீ. துளையில் 25 மி.மீ. வெடிமருந்துத் தோட்டா வைத்தால் சுற்றிலும் உள்ள காற்றிடைவெளி அதிர்ச்சியைத் தணிக்கும். துளைகளுக்கு இடையிலான தூரம் பர்டனில் (துளைக்கும் அதன் முன்னால் உள்ள திறந்த முகத்துக்கும் இடையிலான தூரம்) சுமார் 0.8 மடங்கு: பர்டன் 75 செ.மீ. என்றால் இடைவெளி 60 செ.மீ. அப்போது விரிசல் பின்னால் ஓடாமல் பக்கத்துத் துளையை எட்டிப் பிடிக்கும்.

காட்பாடிப் பக்கம் கல்குவாரிச் சுவரில் பாதித் துளைத் தடங்கள் நீளமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். விரலை வைத்தால் வழுவழுப்பாகப் பள்ளம் இறங்கும். அதைத்தான் ஹாஃப் காஸ்ட் என்கிறார்கள். தலா 3 மீட்டர் நீளத்தில் 10 துளைகள், தெரியும் தடம் மொத்தம் 21 மீட்டர் என்றால் ஹாஃப் காஸ்ட் காரணி, அதாவது மொத்தத் துளை நீளத்தில் தெரியும் தடத்தின் பங்கு, 70 சதவீதம். ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். இணைப்புப் பிளவுகள் நிறைந்த பாறையில் எவ்வளவு கவனமாக வெடித்தாலும் தடம் மிஞ்சாது.

கணக்குகளில் அலகை முதலில் எழுதுங்கள். நான் மில்லிமீட்டரை மாற்ற மறந்து இரண்டு மதிப்பெண் இழந்தேன். எண் விடைக் கேள்விகளில் தவறுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆகவே விடை உறுதியாகத் தெரியாவிட்டாலும் கணக்கைப் போட்டு, வந்த எண்ணை எழுதிவிட்டு வாருங்கள்.