ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம், அதுல ஆறு நாள் சாக்கடை

மொத்தம் 365 அத்தியாயம். இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இந்த நம்பர்லதான் நாங்க ஏழு பேரும் மாட்டுனோம். விக்டர் ஹ்யூகோவோட 'லே மிசரபிள்', 1862-ல வந்த நாவல், அஞ்சு பாகம், தலைகாணி சைஸ். எங்க குரூப்ல லோயருக்குப் படிக்கிற தம்பி ஒருத்தன் இருக்கான், அவன்தான் டிசம்பர் மாசம் வாட்ஸ்ஆப்ல போட்டான், வருஷத்துக்கு 365 நாள், புக்குல 365 அத்தியாயம், ஒரு நாளைக்கு ஒன்னு, பத்தே நிமிஷம்னு. பத்து நிமிஷம்னு அவன் சொன்னது சுத்தப் பொய். சில அத்தியாயம் ரெண்டு பக்கத்துல முடியும், சிலது இங்க மலேசியால கிள்ளான்ல கொமுட்டர் ரயில் ஏறி கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரல் வந்து சேர்ற வரைக்கும் முடியாது.

மாசக் கடைசி ஞாயிறு பிரிக்ஃபீல்ட்ஸ்ல, ஜாலான் துன் சம்பந்தன் பக்கத்துல ஒரு வாழையிலைக் கடை மாடில கூடுவோம். சாப்பாடு முடிஞ்சும் ஒரு மணி நேரம் உக்காந்திருந்தா யாரும் விரட்ட மாட்டாங்க, அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அந்தக் கடை.

கதை நமக்குப் புதுசு இல்ல. சுத்தானந்த பாரதியார் 'ஏழைபடும் பாடு'ன்னு எப்பவோ தமிழ்ல கொண்டாந்துட்டாரு, 1950-ல படமாவும் வந்துச்சு, நாகையா நடிச்சது. அதுல போலீஸ்காரனா வந்த சீதாராமனுக்குக் கடைசி வரைக்கும் 'ஜாவர்' சீதாராமன்னே பேர் நின்னுடுச்சு. ரொட்டி திருடுன ஜான் வால்ஜான், பாதிரியார் குடுத்த வெள்ளி மெழுகுவத்தி ஸ்டாண்டு, துரத்துற போலீஸ் ஜாவர், இதெல்லாம் எங்க வீட்டுல அப்பா வாயாலயே கேட்டாச்சு. அந்தத் தைரியத்துலதான் இறங்குனேன்.

ஆனா ஜனவரில பாதி மாசம் ஹீரோவே வரல! முதல் 14 அத்தியாயமும் அந்த பிஷப்பப் பத்திதான். அவருக்கு வருஷத்துக்கு 15,000 பிராங்க் சம்பளம், அதுல தனக்கு 1,000 மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்த யார் யாருக்குக் குடுத்தாருன்னு ஒரு முழு கணக்கு லிஸ்ட்டே போட்டிருக்காரு ஹ்யூகோ. நான் அத அப்படியே தள்ளிட்டேன். கித்தா, அதான் ரப்பர் தோட்டத்துல வளந்த பெரியம்மா ஒருத்தவங்க குரூப்ல இருக்காங்க, அவங்க மட்டும் அத நோட்டுல எழுதிக் கூட்டிப் பாத்துட்டு வந்தாங்க. "கணக்கு சரியா இருக்குய்யா, நல்ல மனுஷன்தான்"னாங்க. தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கிராணி எழுதுற சம்பளச் சீட்டையே கூட்டிப் பாக்காம வாங்காத ஆளு அவங்க.

மார்ச் 12 தொடங்கி வாட்டர்லூ, நெப்போலியன் தோத்த போர். 19 அத்தியாயம், 19 நாள், அந்தக் குதிரைப் படை இந்தக் குதிரைப் படைன்னு. கடைசி அத்தியாயத்துல ராத்திரில ஒருத்தன் பொணங்க கிட்ட மோதிரம் உருவிக்கிட்டு வர்றான், அங்கதான் கதை திரும்பவும் ஒட்டுது. அதுக்குள்ள ஒரு அக்கா கழண்டுட்டாங்க. நான் இப்பவும் சொல்வேன், பத்து நாள்ல முடிச்சிருக்கலாம்.

மே மாசம் பண்ணுன கூத்துக்கு எனக்கு இன்னும் திட்டு விழுது. தம்பி படிச்சது நெட்ல சும்மா கிடைக்கிற ஹாப்குட் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. நான் பழைய புத்தகக் கடைல 15 மலேசிய வெள்ளிக்கு வாங்குனது நார்மன் டென்னியோடது. இந்த டென்னி என்ன பண்ணிருக்காருன்னா, கதைய விட்டு விலகிப் போகுதுன்னு நினைச்ச ரெண்டு பகுதிய நடுவுலேர்ந்து தூக்கிப் புக்கோட கடைசில பின்னிணைப்பா வச்சுட்டாரு. கன்னியாஸ்திரி மடங்களப் பத்தின எட்டு அத்தியாயம் அதுல ஒன்னு. எனக்கு இது தெரியாது, நானும் தினம் ஒன்னுன்னு ஒழுங்காத்தான் போயிட்டிருக்கேன், ஆனா எல்லாருக்கும் எட்டு நாள் முன்னாடி ஓடிட்டிருக்கேன். ஒரு நாள் காலைல ரயில்லயே உக்காந்து "ஐயோ, ஜான் வால்ஜான உயிரோட சவப்பெட்டில வச்சுப் புதைக்கிறாங்களே!"ன்னு குரூப்ல தட்டி விட்டேன். ரெண்டு நிமிஷம் யாருமே பேசல. அப்புறம் தம்பி, "அக்கா, நாங்க இன்னும் மடத்துலயே பிரேயர் பண்ணிட்டிருக்கோம் லா"ன்னான்.

ஜாவரப் பத்தியும் சண்டை நடந்துச்சு, அது எல்லாக் குரூப்லயும் நடக்குற சண்டைதான். தம்பி மட்டும் உருப்படியா ஒன்னு சொன்னான். ஜான் வால்ஜான் ஜெயில்ல இருந்தது 19 வருஷம், ஆனா ரொட்டிக்கு அஞ்சுதான், அதுவும் ராத்திரில குடியிருக்கிற வீட்டக் கண்ணாடி உடைச்சுத் திருடுனதுக்கு, மிச்சம் 14-ம் தப்பிச்சு ஓடப் பாத்ததுக்கு. ரொட்டிக்கு 19 வருஷம்னு சொல்லியே பழகிட்டோம், தண்டனை எப்படிக் குட்டி போடுதுங்கறதுதான் அதுல விஷயமேன்னான்.

இப்ப சாக்கடைக்கு வரேன். அஞ்சாம் பாகத்துல, பாரிஸ் கலவரத்துல தெருவ மறிச்சுப் போட்ட தடுப்பரண்ல சண்டை நடந்து எல்லாரும் செத்துக் குவிஞ்சு, ஜான் வால்ஜான் அந்தப் பையன் மாரியஸத் தோள்ல தூக்கிக்கிட்டுச் சாக்கடைக் குழிக்குள்ள இறங்கிட்டாரு. அடுத்து என்னன்னு உயிரக் கைல புடிச்சுட்டு உக்காந்திருந்தா, ஹ்யூகோ கதைய நிப்பாட்டிட்டு ஆறு அத்தியாயம் பாரிஸ் சாக்கடையோட வரலாறு சொல்றாரு. பாரிஸ் வருஷத்துக்கு 25 மில்லியன் பிராங்க கடல்ல கொட்டுதுங்கறாரு, அது என்ன காசுன்னா மனுஷக் கழிவு, வயலுக்குப் போனா உரமாகும்ங்கற கணக்கு. நவம்பர் 19-லேர்ந்து 24 வரைக்கும் குரூப்ல ஒரே முனகல்.

நவம்பர் கடைசி ஞாயிறு எங்க குரூப் அங்கள் வந்தாரு. வருஷம் பூரா வாயே திறக்காத ஆளு, வருவாரு, ரசம் ரெண்டு தடவ வாங்கிக் குடிப்பாரு, போவாரு. அன்னிக்கு ஒரு பழைய பிளான் பேப்பரச் சுருட்டிக் கைல வச்சிருந்தாரு. அப்பதான் தெரியும், முப்பது வருஷம் அவருக்குக் கழிவுநீர்க் குழாய் வேலை. இலைய ஒதுக்கிட்டு அப்பளத்தால மேசைல ஒரு சரிவு போட்டாரு. குழாய் சரிவு கம்மியா இருந்தா அழுக்கு படிஞ்சு அடைச்சுக்கும், சரிவு ரொம்ப அதிகமானா தண்ணி மட்டும் ஓடிப்போய் மிச்சம் தங்கிடும், ஹ்யூகோ ஆளுக்கு இது புரிஞ்சிருக்குன்னாரு. ஜான் வால்ஜான் தாடை வரைக்கும் சேத்துல முங்குறாரே, அது எழுத்தாளர் கற்பனை இல்லயாம், அடியில மணல் இளகுனா தளமே உக்காந்துடுமாம். "உள்ள போறப்ப அழுகுன முட்டை நாத்தம் அடிச்சா பரவால்ல. நாத்தம் திடீர்னு நின்னுச்சுன்னாதான் ஓடணும், கேஸ் கூடிப்போய் மூக்கு செத்துடுச்சுன்னு அர்த்தம்"னாரு. பக்கத்து மேசைல ஒரு குடும்பம் மீன் கறி ஊத்திச் சாப்பிட்டுட்டு இருந்துச்சு, அவங்க மூஞ்சியப் பாக்கணுமே. போதாக்குறைக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையும் எண்ணெயக் கழுவி ஊத்துறதாலதான் பாதி அடைப்புன்னு கடைக்காரர் காது படவே சொன்னாரு.

அதோட விடல. நாவல்ல வர்ற அந்த 1832 ஜூன் கலவரமே ஜெனரல் லமார்க்கோட சவ ஊர்வலத்துலதான் வெடிச்சுது, அவரு செத்தது காலராவுல, அந்த வருஷம் பாரிஸ் பூராவும் காலரா. "அந்தக் காலத்துல சாக்கடையும் குடிதண்ணியும் ஒன்னா கலந்து கிடந்துச்சு. எங்கள மாதிரி நாலு பேர் அங்க இருந்திருந்தா உங்க தடுப்பரணும் இல்ல ஒன்னும் இல்ல"ன்னு சொல்லிட்டு ரசத்துக்குக் கைய நீட்டுனாரு. நான் தனியாப் படிச்சிருந்தா அந்த ஆறு அத்தியாயத்தையும் தாவியிருப்பேன், சத்தியமா.

டிசம்பர் 31 ராத்திரி கடைசி அத்தியாயம். ஒன்னரைப் பக்கம்கூட இருக்காது. பெர் லஷேஸ் மயானத்துல ஒரு மூலைல ஒரு கல்லு, பேர் இல்ல. யாரோ பென்சில்ல நாலு வரி எழுதி வச்சது மழைல அழிஞ்சிருக்கும்ங்கறாரு, அவ்வளவுதான். கிள்ளான்ல எங்க வீட்டுக்கு வெளிய மத்தாப்பு வெடிச்சுட்டு இருக்கு, நான் உள்ள உக்காந்து மூக்க உறிஞ்சிட்டு இருக்கேன்.

பன்னெண்டு மணிக்கு மேல பெரியம்மா ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாங்க. பொதுவா அவங்க மெசேஜ் மூனு நிமிஷம் போகும், இது கொஞ்ச நேரம்தான். "எங்க தாத்தாவ தோட்டத்துக் குழிமேட்டுலதான் வச்சோம். கல்லு வைக்கக் காசு இல்ல, ஒரு குரோட்டன்ஸ் செடி வச்சோம். அப்புறம் கித்தா மரத்தச் சாச்சுட்டு செம்பனை போட்டாங்க, எங்களயும் லயத்து வீட்ட விட்டுக் கிளப்பிட்டாங்க. இப்ப போனா எனக்கே இடம் தெரியாது."

எல்லாரும் கேட்டுட்டாங்க, நீல டிக் விழுந்துச்சு, யாரும் எதுவும் போடல. காலைல எந்திரிச்சுப் பாத்தா அங்கள் ஒரே வரி தட்டியிருந்தாரு: "அந்தத் தோட்டம் எந்தப் பக்கம்மா, சனிக்கிழமை நான் காடி எடுத்துட்டு வரேன், பழைய பிளான் கிடைக்குமான்னு பாக்கலாம்."