யாருக்கு எழுதிய வரி

"சார், இந்த வரி யாருக்கு? பிள்ளைக்கா, அம்மா அப்பாவுக்கா?"

எங்கள் விளம்பர ஏஜென்சியில், விளம்பர வாசகம் எழுதும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் கேட்டது இவ்வளவுதான். மேசையில் ஒரு துரித உணவு க்ளையன்டின் விளம்பர லேஅவுட் கிடந்தது. குழந்தைகளுக்கான காம்போ, கூடவே வாரத்துக்கு ஒன்றாக ஆறு பொம்மைகள். மேலே நான் எழுதிய வரி: "இந்த வாரம் யார் வர்றாங்க?"

"வாங்குறது அம்மா அப்பாதானேம்மா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

பதிலில் பொய் இல்லை. காசு கொடுப்பது பெற்றோர். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவர்களுடையது. ஆனால் அந்த 'வேண்டாம்' நிலைக்கக்கூடாது என்றுதான் நான் அந்த வரியை எழுதினேன். பெரியவர்கள் யாரும் பொம்மை சேர்க்க ஏங்குவதில்லை. செட் முழுசாக வேண்டுமென்றால் ஆறு வாரமும் வரவேண்டும். ஒரு வாரம் தவறினால் ஒரு பொம்மை போயிற்று. வீட்டில் பிள்ளை நச்சரிக்கும் என்பதுதான் முழுத் திட்டமும். விளம்பரம் எப்படி இருக்கவேண்டும் என்று எங்களுக்குத் தரப்படும் குறிப்பில், அதாவது பிரீஃபில், அந்தச் சொல் இருக்காது. 'குடும்ப முடிவுகளில் குழந்தையின் பங்கு' என்று இருந்தது. படித்தபோது எனக்கு உறுத்தவில்லை.

எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு விளம்பரத்தின் நோக்கம் பிடிபடுவதில்லை, சொல்வதை அப்படியே நம்பிவிடுகிறார்கள் என்று அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு 2004-லேயே சொல்லியிருக்கிறது. அந்த வயதுக்குத்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

சட்டப்படி எல்லாம் சரியாகவே இருந்தது. ரொம்ப நாள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் மற்ற இடங்களின் விதிகளைப் படித்தேன். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்கு உட்பட்டவர்களைக் குறிவைக்கும் வணிக விளம்பரத்துக்கு 1980 முதல் தடை. சிலியில் 2016-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் அளவுக்கு மேல் உள்ள உணவுக்குப் பொம்மை காட்டிப் பிள்ளைகளை இழுக்கக்கூடாது என்கிறது. என் வரியை அங்கே அச்சிட முடியாது. அங்கே இருப்பதும் இதே வயதுப் பிள்ளைதானே?

படத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அதில் பழத்துண்டும் பாலும் இருந்தன. கவுன்டரில் தனியாகக் கேட்டால்தான் அவை கிடைக்கும். கேட்காவிட்டால் வறுவலும் குளிர்பானமும். 330 மில்லி கோலா ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை. பெரியவர்களே நாளுக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொண்டால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கேட்டு வாங்குபவர்கள் எத்தனை பேர் என்று கூட்டத்தில் யாரும் விசாரிக்கவில்லை. நானும்தான்.

ஒரு விளம்பரத்தால் யாரும் நோயாளி ஆகிவிடுவதில்லை என்று இன்னமும் நினைக்கிறேன். விளையாட இடமில்லாத தெரு, வேலை முடிந்து சமைக்கத் தெம்பில்லாத பெற்றோர், கையில் இருக்கும் காசு என்று எத்தனையோ இருக்கின்றன. எல்லாப் பழியையும் எங்கள் தலையில் போடுவது நியாயமில்லை. ஆனால் இதே நான், ஆறு வாரம் முடிந்து க்ளையன்ட் முன்னால் நின்றபோது, விற்பனை ஏறியதற்கு எங்கள் விளம்பரம்தான் காரணம் என்று வரைபடம் போட்டுக் காட்டினேன். அங்கே தெருவையும் பெற்றோரின் களைப்பையும் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

அன்று வரியை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேறு யாராவது எழுதியிருப்பார்கள். இது சமாதானம்தான், தெரியும், பொய்யும் இல்லை.

அந்தப் பெண் அடுத்த ஆண்டு வேறு ஏஜென்சிக்குப் போய்விட்டார். காரணம் இதுவா என்று நான் கேட்கவில்லை. இப்போது பிள்ளைகளுக்கான லேஅவுட் எது வந்தாலும் அந்தக் கேள்வியை நான் கேட்கிறேன். போன மாதம் ஒரு பையன் சட்டென்று சொன்னான்: "வாங்குறது பேரன்ட்ஸ்தானே சார்." விளம்பரம் அப்படியே போனது. அவனுக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.