பட்டறைக் குறிப்புகள்: ஏ.பி.எஸ். விளக்கு

ஜூன் 3, செவ்வாய்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாத்தியார் காரைக் கொண்டுவந்தார். ஏ.பி.எஸ். விளக்கு, ட்ராக்‌ஷன் விளக்கு இரண்டும் எரிகின்றன. பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது ஏ.பி.எஸ்., வேகமெடுக்கும்போது வழுக்காமல் பார்ப்பது ட்ராக்‌ஷன். “ரெண்டும் ஒரே நாள்ல போயிடுச்சுப்பா” என்கிறார். போனது ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் தகவல் தருவது அதே நான்கு சக்கர சென்சார்கள். அதில் ஒன்று வேகத்தைச் சொல்லாவிட்டால் இரண்டுமே ஒதுங்கிக்கொள்ளும். சாதாரண பிரேக் வழக்கம்போல் பிடிக்கும். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்திருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்தி பிரேக் ஆயிலைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

ஸ்கேனரில் வந்த பழுது எண் (கோடு) முன் இடது சக்கரத்தைக் காட்டுகிறது. அந்த சென்சாரை வேறொரு பட்டறையில் ஏற்கெனவே புதிதாக மாற்றிவிட்டார்களாம். கோடு சொல்வது ‘இந்தப் பக்கம் சிக்னல் வரவில்லை’ என்பதை மட்டும்தான். சென்சாரா, ஒயரா, பேரிங்கா என்று நாம்தான் தேட வேண்டும்.

ஜூன் 4, புதன்

தம்பியை ஓட்டச் சொல்லி, ஸ்கேனரோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். சித்தூர் ரோட்டில் நேராகப் போகும்போது நான்கு சக்கரமும் 30 கி.மீ. வேகம் காட்டின. வலப்பக்கம் திரும்பியதும் முன் இடது சட்டென்று பூஜ்யம். வலது திருப்பத்தில் அது வெளிச்சக்கரம், மற்றவற்றைவிட வேகமாகவே ஓட வேண்டும். “அண்ணா, புது சென்சாரும் டூப்ளிகேட்டா?” என்றான் தம்பி. சென்சார் கெட்டிருந்தால் ஸ்டீயரிங்கைக் கேட்டுக்கொண்டா கெடும்?

ஜூன் 6, வெள்ளி

நேற்று முழுக்க வேறு வேலை. இன்று வண்டியை ஜாக்கியில் ஏற்றினேன்.

இரண்டு ஒயர்தானே என்று சென்சாரில் ஓம் அளக்கிறவர்கள் உண்டு. பழைய காந்தச் சுருள் வகைக்கு அது சரி, ஆயிரம் ஓம் அக்கம்பக்கத்தில் காட்டும். இதில் உள்ளே ஐ.சி. (சின்ன எலக்ட்ரானிக் சில்லு) இருக்கிறது. வண்டியிலிருந்து கரண்ட் வாங்கிக்கொண்டு 7 மில்லி ஆம்பியர், 14 மில்லி ஆம்பியர் என்று மாறிமாறி இழுக்கும். அதை எண்ணித்தான் ஏ.பி.எஸ். கம்ப்யூட்டர் வேகத்தைக் கணக்கிடுகிறது. ஓம் மீட்டருக்கு இங்கே வேலை இல்லை, ஒயரைச் சோதிக்க மட்டும்தான்.

சென்சார் கப்ளரையும் (ஒயரை இணைக்கும் பிளக்) கம்ப்யூட்டர் கப்ளரையும் கழற்றிவிட்டு, ஒயர் அறாதவரை பீப் அடிக்கும் மீட்டரை வைத்து ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொன்னேன். வலது கடைசிக்குப் போனதும் பீப் நின்றது. ஷாக் அப்சர்பர் மாற்றியவர்கள் ஒயரை அதன் கிளிப்பில் திரும்ப மாட்டவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் இழுபட்டு, உள்ளே செம்பு அறுந்து பச்சை பூத்திருக்கிறது. மேல் உறை மட்டும் முழுசாக இருப்பதால் கண்ணால் பார்த்தால் பிடிபடாது.

கெட்ட துண்டை வெட்டி, அதே கனத்தில் புது ஒயர் சேர்த்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) போட்டு, கிளிப்பில் மாட்டினேன். வெறும் டேப் சுற்றினால் மழைக்காலம் வரைகூடத் தாங்காது. ஸ்கேனரில் பழுதுக் கோடு அழித்துவிட்டு ஓட்டியபோது திருப்பத்திலும் வேகம் பூஜ்யத்துக்கு விழவில்லை.

கழற்றி வைத்த பழைய சென்சாரை வாத்தியார் டிக்கியில் வைத்திருந்தார். மாட்டிப் பார்த்தேன், அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

ஜூன் 9, திங்கள்

ஆம்பூர் வண்டி. பள்ளிகொண்டா டோல் தாண்டி வேகமெடுத்ததும் ட்ராக்‌ஷன் விளக்கு மினுக்குகிறதாம். கோடு எதுவும் இல்லை. லைவ் டேட்டாவில் (ஓடும்போது ஸ்கேனர் காட்டும் எண்கள்) பின் இடது சக்கர வேகம் மட்டும் நேர் ரோட்டிலேயே மற்றவற்றைவிட அதிகம். அந்த ஒரு டயர் மட்டும் சைஸ் சின்னது, பஞ்சரானபோது அவசரத்துக்குப் போட்டது. சின்ன டயர் அதிகம் சுற்றும், கம்ப்யூட்டர் அதை வழுக்கல் என்று எடுத்துக்கொள்கிறது. டயர் கடைக்கு அனுப்பிவிட்டேன்.